மூன்றால் வகுத்த வெட்டுக்கிளிகள்

வெட்டுக்கிளி எண்ணுவது அரசாங்க வேலை என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வையாபுரி, களப் பணியாளர், வெட்டுக்கிளிக் கண்காணிப்புப் பிரிவு, ஓய்வு. என் முப்பத்தோரு வருட சர்வீஸில் நான் எண்ணியவற்றை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் சிவன்மலைக்குப் படிக்கட்டே தேவைப்படாது, அதன் மேல் ஏறியே முருகனைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். ஒரு முறை மூலனூர்ப் பக்கம் எழும்பிய கூட்டத்தில் வெயில் மறைந்து, கோழிகள் கூட்டில் போய் அடைந்து, பிற்பகல் இரண்டரைக்கு ஒரு சேவல் பொழுது விடிந்ததென்று கூவியது. அந்தச் சேவலை நான் நேரில் பார்த்தேன். அதன் முகத்தில் குழப்பம் தெரிந்தது.

எங்கள் காங்கயம் பக்கத்துக் கொரங்காட்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விதைக்காத, உழாத நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் அங்கங்கே வெள்வேல மரம், தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல். மாடும் ஆடும் மேய்வதற்கென்றே விட்டுவைத்தது. மாட்டுக்குப் போட்டியாக அந்தப் புல்லைத் தின்ன ஒரே ஒரு ஜாதி உண்டு. அதைத்தான் நான் எண்ணினேன்.

எண்ணுவதில் ஒரு நயம் இருக்கிறது. காட்டுக்குள் நேராக நடக்க வேண்டும். பத்தடி முன்னால் தரையில் மனசாலேயே ஒரு சதுரம் போட வேண்டும், மீட்டருக்கு மீட்டர். நம் நிழல் அதன் மேல் விழாமல் கிட்டே போக வேண்டும். போகப்போக அதற்குள்ளிருந்து எத்தனை துள்ளி ஓடுகின்றனவோ அதுதான் கணக்கு. இப்படிப் பதினெட்டுச் சதுரம், பிறகு சராசரி. பதினைந்துக்கு மேல் போனால் மருந்து. கீழே இருந்தால் கரிச்சான் குருவி பார்த்துக்கொள்ளும்.

நான் ஆறு இருந்தால் பதினெட்டு என்று எழுதுவேன். அதை வாங்குகிற உதவி அலுவலர், "வையாபுரி எழுதினதா?" என்று பாதியாக்கி ஒன்பது என்பார். அதற்கு மேலே இருக்கிறவர், களத்தில் இருப்பவர்களே இப்படித்தான் என்று அதிலும் மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பார். கடைசியில் மருந்து முடிவு செய்கிற மேஜைக்குப் போகும்போது ஆறு நிற்கும். உள்ளது உள்ளபடி ஆறு. எங்கள் பிரிவில் இதைப் பற்றி யாரும் பேசியதில்லை, எழுதியதில்லை, ஆனால் முப்பத்தோரு வருடம் ஒரு தடவைகூடப் பிசகாமல் ஓடியது. என்னைப் பொய்யன் என்று சொல்ல வேண்டாம். என் உண்மைக்கு வழிச்செலவு சேர்த்து அனுப்பினேன், அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெற்ற நாலாம் வருடம் காதுக்கம்பம் வந்தது.

ஆள் உயரக் கம்பம். காட்டுக்கு ஒன்று. உச்சியில் ஒரு சின்ன எண் பலகை, பதினைந்து வரைக்கும் பச்சை, தாண்டினால் சிவப்பு; சிவப்பானால் ட்ரோன் வந்து மருந்துப் பொடி தூவும். திறப்பு விழாவில் எனக்குத்தான் சால்வை. இந்தத் திட்டத்தைக் கவனிக்க மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்த ஜெஸ்லின் என்கிற இளம் இன்ஜினியர் மேடையில் விளக்கினாள்.

"புல்லுக்குள்ள வெட்டுக்கிளி துள்ளுற சத்தம், கடிக்கிற சத்தம் எல்லாம் இதுக்குக் கேக்கும். ஆனா எவ்வளவு சத்தத்துக்கு எத்தனை வெட்டுக்கிளின்னு யாராவது இதுக்குச் சொல்லிக்கொடுக்கணும் இல்லையா? வையாபுரி சார் எண்ணப் போகும்போதெல்லாம் கழுத்துல ஒரு ரிக்கார்டர் தொங்கியிருக்கு. அந்த ஒலிப்பதிவையும் சாரோட கள நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சுத்தான் இது எண்ணப் பழகிச்சு. இதுக்கு வாத்தியார் அவருதான்."

ஏதோ பல்கலைக்கழகம் கேட்டதென்று கழுத்தில் கட்டிவிட்ட பெட்டி அது. இத்தனை வருடம் அது மாட்டு மணி மாதிரி ஆடிக்கொண்டு கிடந்தது. சபையில் அரை மணி நேரம் கைதட்டினார்கள். ஒவ்வொரு கம்பத்திலும் மீசையோடு என் படம். அந்தச் சந்தோஷத்தில் ஒன்று எனக்கு உறைக்கவே இல்லை. கம்பம் படித்தது என் நோட்டை. பாதியாக்கியவரும் மூன்றில் ஒன்றைக் கழித்தவரும் அதில் இல்லை.

கொத்துக்காரவலசு பாவாயி ஒரு காலையில் வந்து வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. பத்து ஏக்கர் கொரங்காடு, நாலு மாடு, பத்துப் பதினைந்து செம்மறி, இவைதாம் அவளுக்கு உலகம். கணவன் இல்லை.

"ஏனுங்ணா, உங்க கம்பம் இன்னிக்கும் பதினெட்டுங்குது."

"என் கம்பமா?"

"உங்க போட்டோதானே ஒட்டியிருக்குது? மாடுக மெரளுதுன்னு நான் துணி போட்டு மூடி வெச்சிருக்கறேன்."

"உக்காரு அம்மிணி. பதினெட்டுன்னா பொடி போட்டுத்தான் ஆகோணும்."

"மூணு மாசத்துல மூணு தடவ போட்டாச்சுங்க. போட்ட ஒடனே படல் தானா பூட்டிக்குது. இருபத்தொரு நாளைக்கு மாடு வாய் வெக்கக்கூடாதாம். நடுவுல நாலு நாளு, அஞ்சு நாளு தொறக்கறதோட செரி. இருந்த சோளத்தட்டெல்லாம் தீந்து போச்சு. இன்னிக்குப் பொழுதோட இந்த இருபத்தொரு நாளு முடியுது, ஒடனே நாலாவது தடவ வருதாம். இதுக்கு மேல கட்டிப் போட்டு வெச்சிருந்தா எலும்புதான் மிஞ்சும். சந்தைக்குத்தான் ஓட்டோணும்."

"அதுக்குன்னு பதினெட்டு வெட்டுக்கிளியை விட்டு வெக்க முடியுமா?"

"பதினெட்டு எங்கீங்க இருக்குது? எங்காட்டுல இப்பத் துள்ளறது நானும் மாடும்தான். பசியில."

எழுந்து அவள் காட்டுக்குப் போனேன். வேலி ஓரமாக நுழைந்து, பழைய கால்கள் பழைய நடை நடந்தன. ஏழு. ஐந்து. ஆறு. ஆறு. பதினெட்டுச் சதுரம் முடிந்தபோது சராசரி ஆறு வந்தது. கம்பத்தின் மேல் மூடியிருந்த துணியை விலக்கினேன். பலகையில் சிவப்பில் பதினெட்டு.

அந்தப் பதினெட்டை எனக்குத் தெரியும். என் கையெழுத்தை யாரோ வேறு பேனாவில் போட்டுக் காட்டுவது மாதிரி இருந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் காங்கயம் போனேன். அறுபத்தைந்து வயதில் ஓடுகிற பஸ்ஸில் ஏறினேன். பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது என்று சிலர் சொல்லக்கூடும்.

ஜெஸ்லின் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, நோட்டுல நான் எழுதியிருக்கறது நிஜம் இல்ல."

"என்ன சார், போன வாரம் வெட்டுக்கிளி பஸ்ஸை நிறுத்துன கதை சொன்னீங்களே, அதுவா?"

"பஸ் நின்னது நிஜம்."

"டீசல் தீந்து நின்னுச்சுன்னு அந்தக் கண்டக்டரே எங்கிட்ட சொன்னாரு."

"அதை விடு. எல்லாத்தையும் மூணு மடங்கா எழுதி வெச்சிருக்கறேன். ஆறுக்குப் பதினெட்டு. மேல இருந்தவங்க வகுத்துக்குவாங்க. உங்க கம்பத்துக்கு அது தெரியாது."

அவள் சாதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சத்தம் வராமல், தோள் குலுங்க.

"மூணு மடங்கா எழுதினேன்னு நீங்க சொல்லுறதும் மூணு மடங்குதானே சார்? அப்ப ஒரு மடங்கு. கணக்கு சரியாத்தான் இருக்கு."

என் வாழ்நாளில் இப்படி ஓர் அவமானம் எனக்கு நேர்ந்ததில்லை. சொன்ன பொய்களை நம்பியிருக்கிறார்கள், நம்பாமல் சிரித்திருக்கிறார்கள். பொய் சொன்னேன் என்பதையே ஒருத்தி நம்ப மறுத்தது அன்றுதான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"காகிதத்தைக் கொண்டா. எழுதித் தர்றேன்."

எழுதினேன். 'முப்பத்தோரு வருடத்தில் நான் பதிவு செய்த எண்களில் ஒன்றுகூட, ஒரே ஒன்றுகூட, உண்மை இல்லை என்றும், அனைத்தும் மும்மடங்கு என்றும் இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.' எழுதும்போது எனக்கு அத்தனை ஆனந்தம். 'ஒரே ஒன்றுகூட' என்பதற்கு அடிக்கோடு போட்டேன். கையெழுத்துக்குக் கீழே ஒரு வளைவும் போட்டேன்.

அவள் வண்டியை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள். பாவாயி, ஜெஸ்லின், நான், மூன்று பேரும் வரிசையாக நடந்தோம். நிழல் விழாமல் நடக்க ஜெஸ்லினுக்கு வரவில்லை. பாவாயி அவள் தோளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிவிட்டாள். ஆறு, ஏழு, ஐந்து. ஜெஸ்லின் தன் போனில் தெரிந்த பதினெட்டைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த மூணு மாசத்துல நூத்திப் பன்னிரண்டு காட்டுக்குப் பொடி போட்டிருக்கோம் சார்."

இந்த எண்ணை நீங்கள் வகுக்க வேண்டாம். அவள் சொன்னது அப்படியே.

அன்று பொழுது சாய்வதற்குள் எல்லாக் கம்பத்தையும் திருத்திவிட்டாள். கம்பம் என்ன எண்ணைச் சொன்னாலும் அதை மூன்றால் வகுத்துத்தான் பலகையில் காட்டும். பாவாயி காட்டுப் பலகை பச்சைக்கு மாறியது. ஆறு.

"கோபப்படாதீங்க சார், நீங்க எனக்குப் போன்ல சொல்லுற எண்ணும் இனிமே மூணால வகுத்துத்தான் பதிவாகும். உங்க கடிதத்தை மேலிடத்துக்கு அனுப்பிட்டேன், அவங்க சொல்லித்தான் போட்டேன்."

"கோபமா? ரெண்டு ஆபீசர் செஞ்ச வேலையை நீ ஒருத்தியே செய்யற. எனக்குப் பெருமைதான்."

படல் பூட்டு தானே விட்டுக்கொண்டது. பாவாயி மாடுகளை அவிழ்த்துவிட்டாள். உள்ளே போன மயிலைப் பசு முதல் வாய்ப் புல்லை மெல்லாமல் சிறிது நேரம் வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து தினம் ஒரு காட்டைச் சுற்றினேன். எதையோ காணோம் என்று மனது சொல்லிக்கொண்டே இருந்தது, எதையென்று தெரியவில்லை. சோற்றில் உப்பில்லாத மாதிரி. நாலாம் நாள் வேலியை நிமிர்ந்து பார்த்தபோது தெரிந்தது. கரிச்சான் இல்லை. வழக்கமாகக் கிளுவைக்கு ஒன்றாக வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நூற்றுக்கணக்கில், லட்சக்கணக்கில், சரி, பத்துப் பதினைந்தாவது இருக்கும். ஒன்றுகூட இல்லை.

"பொடி போட்டுப் பூச்சியெல்லாம் செத்துச்சுன்னா அது என்னத்தைத் திங்கும்? போயிருச்சுங்க," என்றாள் பாவாயி.

"மண்ணுக்குள்ள இருக்கற முட்டையைப் பொடி ஒண்ணும் பண்ணாது அம்மிணி."

"அப்ப மழை பேஞ்சா?"

மழை பெய்தால் முட்டை பொரியும் என்று அவளுக்கும் தெரியும். ஐப்பசியில் மழை வந்தது. ஆறு நாள் அடித்துப் பெய்தது. மழை விட்டு மூன்று வாரம் வெயில். கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றது. அப்படிப் புல்லைப் பார்த்தால் எல்லோருக்கும் சிரிப்பு வரும், நான் வேலியில் கரிச்சானைத் தேடினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பாவாயி போன் செய்து, "வந்துட்டுப் போங்ணா" என்று மட்டும் சொன்னாள்.

காற்று இல்லை. புல் அசைந்துகொண்டிருந்தது.

நான் நடந்தேன், பாவாயி ஓரடி பின்னால் வந்தாள். முதல் சதுரத்தில் முப்பத்தெட்டு. இரண்டாவதில் நாற்பத்தொன்று. இறக்கை முளைக்காத குஞ்சுகள், அரிசி மணியைவிடச் சற்றே பெரியவை, காலடிக்கு முன்னால் கொதிக்கிற எண்ணெய் மாதிரித் தெறித்தன. எனக்கு எண்ணிக்கையைப் பெரிதாக்கிச் சொல்லத் தோன்றவில்லை. பதினெட்டாவது சதுரம் முடிந்து சராசரி போட்டேன். முப்பத்தொன்பது.

பலகையில் பச்சை. பதிமூன்று.

பாவாயி பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மொட்டைக்காட்டு வருசம் இப்படித்தானுங்ணா ஆரம்பிச்சுது."

பதினாறு வருடத்துக்கு முந்திய அந்த வருடத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. புல் வேர் வரைக்கும் போய், வெள்வேல மரத்துப் பட்டையையும் சுரண்டித் தின்றுவிட்டுப் போன வருடம். பாவாயியின் கணவன் பதினோரு மாடுகளை ஒரே நாளில் சந்தைக்கு ஓட்டிவிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனான். அங்கிருந்து அவன் திரும்பி வந்தது ஆம்புலன்ஸில்.

"ஊரே மொட்டையாச்சு. மருந்தடிக்க ஆரும் வரல. அன்னிக்கு நீங்கதானுங்க வந்து எண்ணுனீங்க. என்ன எழுதுனீங்க?"

"நாப்பது."

"இருந்தது எத்தனைங்க?"

"நாப்பது."

அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"அன்னிக்கு மட்டும் கூட்டி எழுதக் கை வரல அம்மிணி. பயந்துட்டேன். நாப்பதுக்கு மேல கூட்டறதுக்கு என்ன இருக்குதுன்னு அப்படியே எழுதிட்டேன். அவங்க வழக்கம் போல வகுத்தாங்க. மேல போய்ச் சேந்தது பதிமூணு."

கம்பத்துக்குள் என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கியது. அது என்னிடம்தானே படித்தது. சின்னச் சத்தம் கேட்டால் மூன்று மடங்கு சொல்லப் பழகியிருக்கிறது. பெருஞ்சத்தம் அதன் பாடத்தில் ஒரே ஒரு வருடம்தான் உண்டு, அந்த வருடம் நான் உண்மையை எழுதியிருந்தேன். அதனால் இப்போது அதுவும் உள்ளே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். நாங்கள் வெளியில் நின்று வகுத்துக்கொண்டிருந்தோம்.

ஜெஸ்லினைப் போனில் பிடித்தேன். பெரியப்பா மகள் கல்யாணத்துக்காக மார்த்தாண்டத்தில் இருந்தாள். பின்னால் நாதஸ்வரமா பேண்டா என்று தெரியாத இரைச்சல்.

"அம்மிணி, பாவாயி காட்டுல முப்பத்தொம்பது."

"சரி சார்." சற்று இடைவெளி. "பதிமூணுன்னு பதிவாகியிருக்கு. போர்டும் பதிமூணுதான் காட்டுது. ரெண்டும் எவ்வளவு அழகா ஒத்துப்போவுது பாத்தீங்களா?"

"இல்ல, இது நிஜமான முப்பத்தொம்பது. வகுக்காத. மொட்டைக்காட்டு வருசத்துல நான் எழுதினது ஒண்ணு மட்டும் நிஜம். அதைப் படிச்சுட்டு கம்பம் இப்ப..."

"சார். ஒரு எண்கூட நிஜம் இல்லைன்னு எழுதித் தந்திருக்கீங்க. அடிக்கோடு வேற போட்டிருக்கீங்க."

"அது நான் ஒரு வேகத்துல கொஞ்சம் மிகைப்படுத்தி..."

"எது மிகை சார்? அதுவா, இதுவா?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். மூன்று மாதம் நூற்றுப் பன்னிரண்டு காடுகளை என் வார்த்தையை நம்பிப் பூட்டியவள் அவள். நாலைந்து வாக்கியங்களை மனசுக்குள் அடுக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் வந்த வேகத்திலேயே எனக்கே சந்தேகமாக இருந்தது.

"நாளைக் கழிச்சு நானே வந்து பாக்கேன் சார். சும்மா பொடி போட்டு இன்னொரு தடவை அந்த அம்மாவோட காட்டைப் பூட்ட எனக்கு மனசு வரல்ல."

இரண்டு நாளில் அங்கே பார்க்கப் புல் இருக்காது. பாவாயி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"ஏனுங்க, நான் பாவாயி பேசறனுங்க. நானுங் கூடவே நடந்து எண்ணுனனுங்க."

எனக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு கேட்டது.

"நீங்களாம்மா? எத்தனை இருந்துச்சு?"

"நாப்பத்தஞ்சுங்க."

இரைச்சல் குறைந்தது. ஜெஸ்லின் மண்டபத்தை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும்.

"அம்மா, பொடி போட்டா உங்க படல் பூட்டிக்கும். இருபத்தொரு நாள்."

"தெரியுமுங்க."

"மாடுங்களுக்கு?"

"மூலனூர்ல எந்தம்பி காடு இருக்குதுங்க. அந்தப் பக்கம் இன்னும் இது போகல. இப்பவே ஓட்டிக்கிட்டுக் கெளம்பீருவேன். பொழுது உழுகறக்குள்ள போயர்லாம்."

"சினை மாடு ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்களே?"

பாவாயி மயிலைப் பசுவைப் பார்த்தாள். வயிறு இரண்டு பக்கமும் புடைத்து, அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது.

"நடக்கற வரைக்கும் நடக்கட்டுங்க. நீங்க பொடியைப் போடுங்க. எங்காட்டுக்கு மட்டும் போட்டாப் பத்தாது, கெழக்க இருக்கற காட்டுக்கெல்லாஞ் சேத்திப் போடுங்க."

ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை அந்தப் பெண். "ஒரு மணி நேரத்துல ட்ரோன் வரும்மா" என்றாள். அவ்வளவுதான். முப்பத்தோரு வருட நோட்டு, சால்வை, கம்பத்துக்குக் கம்பம் படம், எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு என்னால் ஆகாத காரியம் அரை நிமிடத்தில் முடிந்தது. தன் காட்டைத் தானே பூட்டச் சொல்கிறவள் எதற்குப் பொய் சொல்லப்போகிறாள்?

பாவாயி சொன்னதையே ஜெஸ்லின் பதிந்திருக்க வேண்டும், பலகை பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியது. நாற்பத்தைந்து.

பாவாயி போனை என்னிடம் கொடுத்துவிட்டு மாடுகளை ஒதுக்கினாள். நானும் ஒரு பக்கமாக நின்று செம்மறிகளை விரட்டினேன்.

"அம்மிணி, எனக்குச் சராசரி முப்பத்தொம்பதுதான் வந்துச்சு."

"எனக்கும் அதேதானுங்ணா. நீங்க முணுமுணுத்துக்கிட்டே வந்ததைத்தானே நானும் எண்ணிக்கிட்டு வந்தேன்."

"அப்ப கூடப் போட்ட அந்த ஆறு?"

அவள் படலைத் தள்ளித் திறந்து, மயிலைப் பசுவை முதலில் வெளியே விட்டாள்.

"போற வழியில ஆராச்சும் கொறச்சுக்கிட்டாங்கன்னா?"

அவள் அதைச் சர்வசாதாரணமாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம், வரவில்லை. மாடுகளின் பின்னால் அவள் மூலனூர்ச் சாலையில் இறங்கி நடந்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நானும் ஐந்தோ ஆறோதான் சேர்த்தேன்.